நேரில் கண்டவர்கள் கூறியதாவது

என்றும் என் மதிப்புக்குரிய பச்சையம்மாக்கா,

உங்கள் சாவுக்கு நான் வரவில்லை. சேதி எனக்குக் கிடைத்தபோது எட்டு நாள் ஆகியிருந்தது. போளூரில் காலை முதல் பஸ்ஸில் பேப்பர் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். கண்டக்டர், "இன்னா ஏழுமலை, மேல உங்க அக்கா பூட்டாங்களாமே, போவலியா?" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. மலைமேல் எனக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா. ஊருக்கெல்லாம் சேதி சொல்கிறவனுக்கு இந்தச் சேதி கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது.

உங்களுக்குக் கடிதம் எழுதுவது ஒரு வேடிக்கைதான். உயிரோடு இருந்தபோதே உங்களுக்கு எழுத்து தெரியாது. நான் கொண்டுவரும் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுல எந்தப் பக்கத்துல பொய் போட்டுகீறாங்க, காட்டு" என்பீர்கள். நானும் சிரித்து மழுப்புவேன். இருபது வருஷம் பேப்பர் விற்றவனிடம் அப்படிக் கேட்ட ஆள் நீங்கள் ஒருவர்தான்.

இந்தக் கடிதம் திருவண்ணாமலையில் என் நண்பர் நடத்துகிற மாத இதழில் வரப்போகிறது. அதனால் நாம் பேசுவதைப் பலர் பக்கத்தில் நின்று கேட்பார்கள். அவர்களுக்காக நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். தப்பாகச் சொன்னால் வழக்கம்போல் குறுக்கே பேசுங்கள்.

கேட்பவர்களுக்கு: இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. பச்சையம்மாக்கா ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து இரண்டரை மணி நேரம் நடந்து போகிற ஒரு ஊரில், மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா. நான் போளூரில் ஒரு நாளிதழுக்கு ஏஜெண்டு, அதே நாளிதழுக்குப் பகுதி நேர நிருபரும் நான்தான். சேதி எழுதுகிற கையும் பேப்பர் விற்கிற கையும் ஒரே ஆளுக்கு இருந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் எனக்கு அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

என் வேலை எப்படி நடக்கும் தெரியுமா? சேதியைத் தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, பஸ் கண்டக்டர் கையில் கொடுப்பேன். அது பஸ் மாறி, பொழுது சாய்ந்ததும் வேலூர் ஆபீஸுக்குப் போய்ச் சேரும். மலையிலிருந்து இறங்குகிற பஸ் மூன்று மணிக்கு. அதை விட்டால் சேதி மறுநாள் பழசு. ஆகவே மலையில் எது நடந்தாலும் அது மூன்று மணிக்குள் எனக்கு விளங்கிவிட வேண்டும். விளங்காவிட்டாலும் விளங்கிய மாதிரி எழுதிவிட வேண்டும்.

அன்று சந்தை நாள். ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கிற இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மணி இரண்டு இருக்கும். மேற்கிலிருந்து வருகிற பாதையில் எட்டொன்பது பேர் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். மூங்கிலில் கம்பளியைத் தூளியாகக் கட்டி அதில் ஒரு ஆளைச் சுமந்து வந்தார்கள். தூளியில் கிடந்தவர் உங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார். தலையில் துணி சுற்றி, அது முழுக்க நனைந்து சிவந்திருந்தது. சுமந்தவர்களின் வேட்டி சட்டையெல்லாம் இரத்தம். எல்லார் இடுப்பிலும் கொடுவாள் தொங்கியது.

அவர்கள் நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் போனார்கள். நான் அவர்கள் பின்னால் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் நடக்கவில்லை. எனக்குப் பஸ் இருந்தது. பக்கத்து ஊரில் வேலை பார்க்கிற இன்னொரு வாத்தியார் சந்தைக்கு வந்திருந்தார், அவரைப் பிடித்தேன். "காலையிலேருந்தே ஊரே திரண்டு வந்து ஸ்கூலை வளைச்சுக்கினு நின்னாங்களாம் சார். வெட்டிட்டாங்க" என்றார். அவரும் அங்கே இல்லை. அவருக்குச் சொன்னவரும் அங்கே இல்லை. டீக்கடையில் இருந்த எல்லாரும் ஆளுக்கு ஒரு கை போட்டார்கள். நான் ஒரு பக்கம் எழுதி முடித்தேன். முதல் வரி, "நேரில் கண்டவர்கள் கூறியதாவது".

மறுநாள் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. "மலைப் பள்ளியில் கொடுவாள் கும்பல் வெறி. ஆசிரியர் தலையில் வெட்டு. குழந்தைகள் அலறல்." நான் நாற்பது பேர் என்று எழுதியிருந்தேன், ஆபீஸில் அதை நூறு ஆக்கியிருந்தார்கள். இரத்தக்கறை படிந்த உடைகளுடன் கும்பல் ஆஸ்பத்திரி வரை துரத்திவந்தது என்றும் சேர்த்திருந்தார்கள். கண் காது மூக்கு வைப்பது என்பார்களே, அவர்கள் கைகாலும் வைத்து நடக்கவே விட்டிருந்தார்கள். அன்று போளூரில் பேப்பர் போதவில்லை. வேலூருக்குத் தந்தி கொடுத்து மறுநாளைக்குக் கூடுதல் கட்டு வாங்கினேன். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். இப்போது எழுதும்போது கூசுகிறது, அன்று கூசவில்லை அக்கா.

போலீஸ் ஒன்பது பேரைப் பிடித்தது. யாரை என்று நினைக்கிறீர்கள், கேட்பவர்களே? சுகாதார நிலையத்து வாசலில், வாத்தியாருக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டபடி நின்றிருந்தவர்களை. தூளியை மாறி மாறித் தோளில் சுமந்து வந்த அதே ஆட்களை. இடுப்பில் கொடுவாள் இருந்தது, சட்டையில் இரத்தம் இருந்தது, பேப்பரிலும் போட்டிருந்தது. வேறென்ன வேண்டும்?

கொடுவாள் இல்லாமல் வீட்டைவிட்டு இறங்குகிற ஆம்பிளை உங்கள் பக்கத்தில் உண்டா அக்கா? எங்கள் ஊரில் தோளில் துண்டு போடுகிற மாதிரிதான் அது. கல்யாணத்துக்கும் அதோடுதான் வருவார்கள். மாதத்தில் நாலு தடவை மேலே வந்துபோகிற எனக்கு அது தெரியாதா? தெரியும். எழுதும்போது மட்டும் தெரியவில்லை.

இன்னொன்றையும் நான் செய்தேன். நாலாம் நாள் இரண்டாவது சேதி அனுப்பினேன். "கொடுவாளால் வெட்டப்பட்டதை ஆசிரியரே போலீசாரிடம் உறுதிப்படுத்தினார்" என்று. அதை அனுப்பும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பார்த்தாயா, நான் எழுதியது சரிதான் என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து விசாரணைக்கு ஒரு அதிகாரி, ஜீப் மட்டுமே ஏறுகிற காட்டுத்தடத்தில், ஜீப்பில் மேலே வந்தார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிடலாமா என்பதையும் பார்க்கச் சொல்லியிருந்தார்களாம். நானும் நோட்டோடு போனேன். அந்தப் பள்ளிக்கூடத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். ஓடு போட்ட ஒரே நீள அறை. பத்தடி தள்ளி உங்கள் சமையல் கொட்டகை. முன்னால் புல் தேய்ந்த முற்றம், ஓரத்தில் ஒரு புளியமரம். இந்த இடத்தைப் பார்க்காமலே இதைப் பற்றி நான் இரண்டு தடவை எழுதியிருந்தேன்.

ஊரே முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. யாரும் பேசவில்லை. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நேரம் போனது. எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த கிழவரிடம், "ஏன் பெரியவரே, இன்னா வேணும்னு யாராவது சொல்லலாம்ல?" என்று காதில் கேட்டேன். அவர் என்னைச் சின்னப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"வந்தவன் வாயத் தொறக்கக் கூடாதுப்பா. வூட்டுக்காரன்தான் இன்னா சேதின்னு கேக்கணும். அதான மருவாதி. அன்னிக்கும் அப்பிடித்தான் குந்திகினு இருந்தோம். ஒரு பையனுக்கு வெரல் வீங்கி வந்தான், வாத்தியாரு அடிச்சாருன்னான். ஒருத்தனாப் போயி கேட்டா சண்டைக்கு வந்தாப்பல ஆவும்னு ஊரா வந்தோம். அவுரு கேக்கவே இல்ல. கதவச் சாத்திக்கினாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாற்பது பேர் முற்றத்தில் வந்து பேசாமல் உட்காருகிறார்கள். எல்லார் இடுப்பிலும் கொடுவாள். கீழ்நாட்டிலிருந்து வந்த தனி ஆள் உள்ளே இருக்கிறார். அவர்கள் மரியாதை காட்டக் காட்ட இவருக்குப் பயம் ஏறியிருக்கிறது. இவர் கதவைத் தாழிட்டதும் உள்ளே பிள்ளைகள் அழுதிருக்கின்றன. பிள்ளைகள் அழுததும் வெளியே இருந்தவர்கள் எழுந்திருக்கிறார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்வது?

அப்போதுதான் உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நீங்கள் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள். ஒல்லியான உடம்பு, முன்தலை நரைத்திருந்தது. வந்து தரையில் உட்கார்ந்தீர்கள்.

"வாத்தியார் அந்தப் பையனை அடித்தாரா?" என்று அதிகாரி கேட்டார். உட்கார்ந்தபடியே, "அடிச்சாருன்னு பசங்க சொல்லிச்சிங்க சாமி. நான் பாக்கல" என்றீர்கள். ஊர்க்காரர்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் ஒன்பது பேருக்கும் நல்லது. நீங்கள் கூட்டவில்லை.

"ஊர்க்காரர்கள் எதற்கு வந்தார்கள்?" எழுந்து நின்றீர்கள். "வந்து குந்தினத பாத்தேன். எனக்கு ஒல கொதிக்கிற வரைக்கும் குந்திகினு இருந்தாங்க. சத்தம் போடல." மறுபடி உட்கார்ந்து, "எதுக்கு வந்தாங்கன்னு அப்பால கேட்டுத் தெரிஞ்சிகினேன்" என்றீர்கள்.

அதிகாரிக்கு எரிச்சல். "ஏம்மா, எழுந்து எழுந்து உக்கார்றே? ஒரு இடத்துல நில்லு."

ஊர்த் தலைவர்தான் எழுந்து கும்பிட்டுச் சொன்னார். "பாத்தத நின்னுகினு சொல்லணும் சாமி, கேட்டத குந்திகினு சொல்லணும். எங்க ஊரு கூட்டத்துல அதான் வழக்கம். ரெண்டும் கலந்துடக் கூடாதில்ல."

அக்கா, நான் என் நோட்டைப் பார்த்தேன். பேனா அப்படியே நின்றுவிட்டது. எழுத்தே தெரியாத ஒரு ஊரில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உடம்பாலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். எழுத்தை வைத்துப் பிழைக்கிற நான், பார்த்ததற்கும் கேட்டதற்கும் ஒரே மை, ஒரே பேனா. வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வியப்பு, இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்ற வியப்பு.

"கொடுவாளை எடுத்தார்களா?" என்று அதிகாரி கேட்டார்.

எழுந்தீர்கள். "எடுத்தாங்க."

அதிகாரி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். "யாரை வெட்ட?"

"மூங்கி வெட்ட. வாத்தியார தூக்கியாரணுமே. உள்ள இருந்த புள்ளைங்களே தாப்பாள தொறந்து வுட்டுச்சிங்க. அவுரு கீழ வுழுந்து கெடந்தாரு. ஒரு கொடுவாதான் எடுத்தாங்க. மத்ததெல்லாம் இடுப்புலதான் கெடந்துச்சு."

"பிறகு தலை எப்படி உடைந்தது?"

நீங்கள் உட்காரவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். பிறகு, குரலை ஏற்றாமலும் இறக்காமலும் சொன்னீர்கள்.

"புள்ளைங்க அழுவச்சொல்லோ ஒரு கல்லு கூரை மேல போச்சு. எறிஞ்சத நான் பாத்தேன். எறிஞ்சது என் மவன் வெள்ளையன்."

ஊர் அதிர்ந்துவிட்டது. உங்கள் மகன் கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். இருபது வயது இருக்கும். அவன் பெயர் அதுவரை எந்தக் காகிதத்திலும் இல்லை. போலீஸ் ஏட்டிலும் இல்லை, என் நோட்டிலும் இல்லை. நீங்கள் வாய் திறந்திராவிட்டால் என்றைக்கும் வந்திருக்காது.

அதிகாரியின் குரல் தணிந்துவிட்டது. "கல் பட்டு ஓடு உடைந்து அவர் தலையில் விழுந்தது. அப்படித்தானே?" உங்களுக்காக அவரே வழியை எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்றால் போதும், ஒன்பது பேர் மேலிருந்த பழி அங்கேயே விழுந்துவிடும். நீங்கள் தரையில் உட்கார்ந்தீர்கள். "ஓடு ஒடையற சத்தம் கேட்டேன். தலையில வுழுந்தத பாக்கல சாமி." எழுந்தீர்கள். "உள்ள போவச்சொல்லோ அவுரு பக்கத்துல ஒடஞ்ச ஓடு கெடந்துச்சு. அதுல ரத்தம் இருந்துச்சு. அத்த பாத்தேன்."

மகனைக் கொடுத்த வாய், பார்க்காத ஒரு ஓட்டுத் துண்டைக் கொடுக்க மறுத்தது. உங்களுக்கு எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? அன்று ராத்திரி நீங்கள் சாப்பிட்டீர்களா? இத்தனை வருஷத்தில் இதை நான் கேட்கவே இல்லையே அக்கா.

அப்போதுதான் அதிகாரியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தலைக்கட்டோடு உட்கார்ந்திருந்த வாத்தியார் எழுந்தார். பாவம், அவரும் சின்ன வயசு. கண் கலங்கியிருந்தது. "சார், எனக்கு மேலேருந்து ஏதோ விழுந்தது வரைக்கும்தான் ஞாபகம். வெட்டினதைப் பார்க்கலை. ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் பேப்பரைக் காட்டினாங்க. வெட்டுன்னு போட்டிருந்தது. அதைத்தான் போலீஸ்ல சொன்னேன்" என்றார்.

கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். டீக்கடைப் பேச்சை நான் எழுதினேன். நான் எழுதியதை அடிபட்டவரே படித்து நம்பினார். அவர் நம்பியதைப் போலீஸ் எழுதியது. போலீஸ் எழுதியதை நான் மறுபடி எடுத்து, என் சேதி உறுதியாகிவிட்டது என்று போட்டேன். ஒரு மனிதனுக்கு அவன் தலையில் பட்ட அடியைப் பற்றியே நான் பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

விசாரணை முடிந்து ஜீப் கிளம்பியது. வெள்ளையன் தானாகவே போய் அதில் ஏறிக்கொண்டான். நீங்கள் ஜீப்பைப் பார்த்தபடி நின்றீர்கள். பிறகு திரும்பி, "பேப்பர்ல எழுதுனது யாரு?" என்று கேட்டீர்கள். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். மண்ணை வாரித் தூற்றப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். அதுகூடச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நீ எங்க இருந்த தம்பி?"

"பஸ் ஸ்டாண்டுல."

"பள்ளிக்கூடம் வந்தியா?"

"இல்லம்மா."

நீங்கள் என்னைத் திட்டவில்லை. "நான் என் புள்ளயவே சொல்லிட்டேன். நீ உன்ன சொல்லு" என்றீர்கள். அவ்வளவுதான். கொட்டகைக்குப் போய்விட்டீர்கள், பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.

நான் எழுதினேன் அக்கா. மூன்று பக்கம். ஆபீஸில் நாலு வரியாக வெட்டி, உள்பக்கத்தில் ஒரு மூக்குப்பொடி விளம்பரத்துக்குக் கீழே போட்டார்கள். "மலைப் பள்ளி சம்பவம்: வாலிபர் கைது." அதை எடுத்துக்கொண்டு நடந்து வந்து உங்களுக்குப் படித்துக் காட்டினேன், நினைவிருக்கிறதா? நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டீர்கள். "மொதல்ல சொன்னது பொய்யின்னு இதுல போட்டுகீதா?" இல்லை என்றேன். "அப்ப இது வேற சேதி" என்றீர்கள். முறம் நிற்கவே இல்லை.

ஒன்பது பேரும் வெளியே வந்தார்கள். பள்ளிக்கூடத்தை மூடவில்லை. வெள்ளையன் ஆறு மாதம் உள்ளே இருந்து வந்தான். ஆனால் கீழ்நாட்டில், போளூரிலும் ஆலங்காயத்திலும், இன்றைக்கும் அந்தப் பள்ளியைப் பற்றிப் பேச்சு வந்தால், "வாத்தியார வெட்டுன ஊரு" என்கிறார்கள். என் வரிதான் அது. நாலு வருஷம் எந்த வாத்தியாரும் அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் தங்கவில்லை. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பாடம் படித்துப் பாதிப் பாடம் விட்டார்கள். இதை நான் யார் தலையில் போட முடியும்?

அதன் பிறகு மேலே வரும்போதெல்லாம் உங்களைப் பார்க்காமல் இறங்கியதில்லை. எப்போது "அம்மா" போய் "அக்கா" ஆனது என்று எனக்கே தெரியாது. சாமைச் சோறு போடுவீர்கள். என் மனைவியின் பிரசவத்துக்கு மலைத்தேன் கொடுத்தனுப்பினீர்கள். ஆனால் அந்த விஷயத்தை நீங்கள் இரண்டாம் தடவை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். பேசாமல் இருக்கிறவர்களிடம் என்ன சாக்குச் சொல்வது? அடுத்த மாதம், அடுத்த பொங்கல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பத்து வருஷம் ஓட்டிவிட்டேன்.

நீங்கள் போன பிறகு வேலூர் ஆபீஸுக்குப் போனேன். அங்கே இப்போது எல்லாம் புது ஆட்கள். ஒரு பையன் சிரித்தான். "பத்து வருஷத்துக்கு முந்தினதுக்கு இப்ப மறுப்பா? யாருங்க படிப்பாங்க?" என்றான். கெட்ட பையன் இல்லை. நானும் அந்த வயதில் அதைத்தான் கேட்டிருப்பேன். நிருபர் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏஜென்சி இருக்கிறது, அதுவும் எத்தனை நாளைக்கோ. அதன் பிறகுதான் இந்தக் கடிதத்தை இதுவரை எழுதி, நண்பரிடம் கொடுக்கும் முன்னால் மேலே வந்தேன். வெள்ளையனுக்குப் படித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் ஊர்ச் சேதிகளைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு அறை கட்டுகிறார்கள், தளம் போட்டு. மின்சாரக் கம்பம் நட்டிருக்கிறார்கள், கம்பி இன்னும் வரவில்லை. இப்போது இருக்கிற டீச்சர் மூன்றாவது வருஷமாகத் தங்கியிருக்கிறார். யாராவது முற்றத்தில் வந்து உட்கார்ந்தால், அந்தம்மா வெளியே வந்து "இன்னா சேதி?" என்று கேட்கிறாராம். வெள்ளையனின் பெரிய பெண் மூன்றாம் வகுப்பு. உங்கள் ஜாடை அப்படியே.

வெள்ளையன் இத்தனை வருஷம் என்னோடு சரியாகப் பேசியதே இல்லை. நான் வந்தால் காட்டுப்பக்கம் போய்விடுவான். இந்தத் தடவை உட்கார்ந்து கேட்டான். நான் படித்துக்கொண்டே போனேன். "எறிஞ்சது என் மவன்" என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினான்.

"ஒண்ணு இல்லீங்க. ரெண்டு கல்லு."

எனக்குப் புரியவில்லை.

"எனுக்கு முன்னாடி ஒருத்தன் எறிஞ்சான். அதுவும் கூரை மேலதான் வுழுந்துச்சு. அதப் பாத்துட்டுதான் நானும் எடுத்தேன். அம்மா அப்ப அடுப்பாண்ட குனிஞ்சிகினு இருந்துச்சு. நிமுந்து பாக்கச்சொல்லோ என் கல்லுதான் போச்சு. எந்தக் கல்லுல ஓடு ஒடஞ்சுதுன்னு எனுக்கும் தெரியாது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே வெள்ளையா. ஆறு மாசம்..."

"அவனுக்கு அப்ப கைக்குழந்த. நானும்தான் எறிஞ்சேன், இல்லன்னு சொல்ல முடியுமா?"

"அம்மாகிட்டயாவது சொன்னியா?"

அப்போதுதான் அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சொன்னா அது நேரா கூட்டத்துக்குப் போயி, குந்திகினு சொல்லியிருக்கும்" என்றான்.

அக்கா, இது உங்களுக்குப் புதுச் சேதி. நீங்கள் பார்த்தது முழுக்க உண்மை. ஆனால் நீங்கள் பார்க்காததும் ஒன்று இருந்தது. நாங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற வேலை என்னுடையது. நீங்கள் சொன்னது போதும் என்று அதிகாரி எழுந்துவிட்டார், நானும் நோட்டை மூடிவிட்டேன். உங்கள் மகன் மட்டும் மிச்சத்தைச் சுமந்துகொண்டு ஜீப்பில் ஏறியிருக்கிறான். உங்களைப் பார்த்து அன்று வியந்து நின்றேன். பத்து வருஷம் கழித்து உங்கள் மகன் முன்னாலும் அதே போல நின்றேன். இருவரில் யார் பெரியவர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த இன்னொரு ஆள் யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அவர் இன்றும் அந்த ஊரில் இருக்கலாம், இந்தக் கடிதத்தை யாராவது படிக்கக் கேட்கலாம். அவர் பயப்பட வேண்டாம். பெயர் எனக்குத் தெரியாது, தேடப் போவதும் இல்லை.

என் வாக்கு இது. அந்தச் சம்பவத்தைப் பற்றி எவர் கேட்டாலும், எங்கே கேட்டாலும், இதை மட்டுமே சொல்வேன். யாரும் யாரையும் வெட்டவில்லை. பிடிபட்ட ஒன்பது பேரும் வாத்தியாரின் உயிரைக் காப்பாற்றியவர்கள். கூரை மேல் விழுந்தவை இரண்டு கல், அதில் ஒன்று வெள்ளையனுடையது, ஓடு உடைந்தது எந்தக் கல்லால் என்று யாருக்கும் தெரியாது. பேப்பரில் "நேரில் கண்டவர்கள்" என்று போட்டிருந்ததே, அப்படி ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. அதை எழுதியது நான், என் பெயர் கீழே இருக்கிறது.

உங்கள் தம்பி,
பேப்பர்கார ஏழுமலை,
போளூர்